‘அணு ஆயுதம்’ என்ற சொல்லின் எல்லை எது?

கேள்வி: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். ஆயுதக் குறைப்பு பற்றிய கட்டுரைத் தொகுதி ஒன்றைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். தொடக்கத்தில் மிக எளிதாகத் தோன்றிய ‘அணு ஆயுதம்’ என்ற சொல்லே இப்போது பக்கத்துக்குப் பக்கம் என்னைத் தயங்க வைக்கிறது. அணுகுண்டு, அணு ஆயுதம், அணுக்கரு ஆயுதம் ஆகிய மூன்றும் ஒன்றுதானா? அணுகுண்டைச் சுமந்து செல்லும் ஏவுகணை, அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல், கதிரியக்கப் பொருளைச் சிதறடிக்கும் குண்டு ஆகியவற்றையும் அந்தச் சொல்லால் குறிக்கலாமா? முன்பு ஒரு நூலில் ‘அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அணு ஆயுதக் கப்பல்’ என்று எழுதிவிட்டேன். நூல் அச்சாகி வந்த பிறகே பிழை தெரிந்தது. அது இன்றுவரை மனத்தை உறுத்துவதால்தான் இவ்வளவு விரிவாகக் கேட்கிறேன்.

மறுமொழி: இயற்பியல் ஆசிரியர்

உங்கள் தயக்கம் நியாயமானதே. பொருளைப் பிடித்துக்கொண்டால் சொல்லின் எல்லை தானாகவே தெளிவாகும். எந்த வெடிமருந்தும் அணுக்களால் ஆனதுதான். ஆனால் டி.என்.டி. என்ற வழக்கமான வெடிமருந்து வெடிக்கும்போது அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் மட்டுமே மாறுகின்றன. அணுக்கரு தொடப்படாமல் இருக்கிறது. அணு ஆயுதத்தில் ஆற்றல் அந்தக் கருவிலிருந்தே வெளிப்படுகிறது. ஒரு கிலோகிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளவுற்றால் ஏறத்தாழ 17,000 டன் டி.என்.டி. வெடித்ததற்கு நிகரான ஆற்றல் வெளிப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால், இதற்கெனத் தனிச்சொல் ஏன் வேண்டியிருந்தது என்பது விளங்கும். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டில் 60 கிலோவுக்கு மேல் யுரேனியம் இருந்தும், உண்மையில் பிளவுற்றது ஒரு கிலோவுக்கும் குறைவே. அந்தச் சிறு அளவே சுமார் 15 கிலோடன், அதாவது 15,000 டன் டி.என்.டி.க்கு நிகரான வெடிப்பாகி ஒரு நகரத்தை அழித்தது.

ஆகவே, அறிவியல் நோக்கில் ‘அணுக்கரு ஆயுதம்’ என்பதே துல்லியமான பெயர். அணுவுக்குள் கரு உண்டு என்பதை ரூதர்ஃபோர்டு 1911-இல் காட்டினார். யுரேனியக் கருவைப் பிளக்க முடியும் என்பது ஹான், ஸ்ட்ராஸ்மன் ஆகியோரின் 1938-ஆம் ஆண்டுச் சோதனையாலும், மைட்னரும் ஃபிரிஷும் அதற்குத் தந்த விளக்கத்தாலும் உறுதியானது. எனினும் 1945-இல் உலகச் செய்தித்தாள்களில் பரவியது ‘அட்டாமிக்’ குண்டு என்ற பெயரே. ‘நியூக்ளியர்’ என்ற சொல் பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது. ஆங்கிலத்தில் நிகழ்ந்த இந்த மாற்றம் தமிழில் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் ‘அணு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதனால் குறையொன்றும் இல்லை. ‘அணு ஆயுதம்’ என்றதும் கருவின் ஆற்றலைத்தான் படிப்பவர் நினைக்கிறார்.

‘அணுகுண்டு’ என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கண்டிப்பான வழக்கில் அது கருப்பிளவால் வெடிக்கும் குண்டைக் குறிக்கும். ஹைட்ரஜன் குண்டில் பிளவால் உண்டாகும் பெருவெப்பமும் அழுத்தமும் சேர்ந்து இலேசான கருக்களை இணையச் செய்கின்றன. 1952 நவம்பர் 1 அன்று பசிபிக் பெருங்கடலில் அமெரிக்கா நடத்திய அவ்வகை முதற்பெரும் சோதனையின் திறன் பத்து மெகாடன்னை, அதாவது ஒரு கோடி டன் டி.என்.டி.க்கு நிகரான அளவைத் தாண்டியது. ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு. இந்த இரு வகைகளையும் அடக்கும் பொதுப்பெயர்தான் அணு ஆயுதம். உங்கள் மூலநூல் இரண்டையும் வேறுபடுத்திப் பேசும் இடத்தில் ‘அணுகுண்டு’ என்பதைப் பொதுப்பெயராக ஆளாதீர்கள்.

கதிரியக்கப் பொருளைச் சிதறடிக்கும் குண்டு அணு ஆயுதம் ஆகாது. அதில் வெடிப்பது சாதாரண வெடிமருந்தே. ஒரு கருவின் பிளவு அடுத்ததைத் தூண்டும் தொடர்வினை எதுவும் நிகழ்வதில்லை. கதிரியக்கம் இருந்தாலே அணு ஆயுதம் என்று கருதுவது பரவலான தவறு. பேரழிவு ஆயுதங்களுக்கு 1948-இல் ஐ.நா. அமைப்பு ஒன்று வகுத்த வரையறைகூட அணு வெடிப்பு ஆயுதங்களையும் கதிரியக்கப் பொருள் ஆயுதங்களையும் தனித்தனியாகவே குறிப்பிட்டது.

மறுமொழி: மெய்ப்புத் திருத்துநர்

எழுத்துமுறை பற்றிச் சுருக்கமாக ஒன்று. ‘அணு ஆயுதம்’, ‘அணுவாயுதம்’ இரண்டும் சரியே. ஒரு நூலுக்குள் ஒன்றையே கையாளுங்கள். ‘அணு’ முற்றியலுகரத்தில் முடிவதால் அணுக்கரு, அணுப்பிளவு, அணுக்கழிவு என வல்லினம் மிகும். அணுகுண்டு, அணுசக்தி ஆகியவை மட்டும் மிகாமலே நிலைபெற்றுவிட்டன. அவற்றை இனி மாற்றி எழுதினால் படிப்பவர் தடுமாறுவார்.

அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ஆயுதக் குறைப்பு, ஆயுத ஒழிப்பு, பரவல் தடை ஆகிய மூன்றும் மெய்ப்புகளில் ஒன்றுக்கு மற்றொன்றாக வந்துகொண்டே இருப்பதுதான். இருப்பதில் சிலவற்றைக் களைவது குறைப்பு; ஒன்றுமே இல்லாமல் செய்வது ஒழிப்பு; இல்லாதவர் கைக்குப் போகாமல் தடுப்பது பரவல் தடை. இவை மூன்று வெவ்வேறு அரசியல் நிலைப்பாடுகள்.

மறுமொழி: பன்னாட்டுச் சட்ட மாணவர்

ஏவுகணை பற்றிய கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்கள் பகுதியில் அணு ஆயுதங்களைத் தடைசெய்ய 1967-இல் செய்துகொண்ட ட்லாடெலோல்கோ ஒப்பந்தத்தின் 5-ஆம் உறுப்பு, அணுக்கரு ஆற்றலைக் கட்டுப்பாடற்ற முறையில் வெளிவிடக்கூடியதும் போர் நோக்கங்களுக்கு ஏற்ற தன்மைகளைக் கொண்டதுமான கருவியே அணு ஆயுதம் என்று வரையறுக்கிறது. அக்கருவியைக் கொண்டுசெல்லவோ உந்தவோ பயன்படும் சாதனம், அதிலிருந்து பிரிக்கக்கூடியதாக இருந்தால், வரையறைக்குள் வராது என்றும் சொல்கிறது. ஆகவே ஏவுகணை தானாக அணு ஆயுதம் ஆகிவிடாது. அதன் முகப்பில் பொருத்தப்படும் வெடிமுனையே ஆயுதம். ‘அணு ஆயுதம் தாங்கிச் செல்லும் ஏவுகணை’ என்று எழுதுவது நீளமானாலும் சரியானது. கப்பலின் அணு உலையில் ஆற்றல் கட்டுப்பாட்டுக்குள் வெளியாவதால் அதுவும் இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. அந்தக் கப்பலில் அணு ஆயுதம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

1968-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட பரவல் தடை ஒப்பந்தம் ‘அணு ஆயுதம்’ என்பதற்கு வரையறை தரவே இல்லை. ஆனால் ‘அணு ஆயுத நாடு’ என்பதற்குத் தருகிறது: 1967 ஜனவரி 1-க்கு முன் அணு ஆயுதத்தையோ வேறு அணு வெடிப்புச் சாதனத்தையோ தயாரித்து வெடித்த நாடு. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்து மட்டுமே அதற்குள் அடங்குகின்றன. இந்தியா, பாகிஸ்தான், வடகொரியா ஆகியவற்றைச் சட்டம் பேசும் பத்தியில் ‘அணு ஆயுத நாடு’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும். ‘அணு ஆயுதம் வைத்துள்ள நாடு’ என்க.

அந்த வரையறையில் வரும் ‘வேறு அணு வெடிப்புச் சாதனம்’ என்ற தொடரையும் மொழிபெயர்ப்பில் விட்டுவிடாதீர்கள். இந்தியா 1974 மே 18 அன்று பொக்ரானில் நடத்திய சோதனையை ‘அமைதி நோக்கிலான அணு வெடிப்பு’ என்றே அழைத்தது. வெடிப்பின் இயற்பியல் ஒன்றுதான். வேறுபாடு அறிவிக்கப்பட்ட நோக்கத்தில் இருந்தது. இந்த இடைவெளியை அடைக்கவே, 1996-ஆம் ஆண்டின் சோதனைத் தடை ஒப்பந்தம் அணு ஆயுதச் சோதனை வெடிப்போடு ‘வேறெந்த அணு வெடிப்பையும்’ சேர்த்துத் தடைசெய்கிறது.

மொழிபெயர்ப்பாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரு சொல் மட்டும் மீதமிருக்கிறது. ‘தந்திரோபாய அணு ஆயுதம்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. சிறியது என்ற பொருளில் அதைக் கையாளலாமா?

மறுமொழி: இயற்பியல் ஆசிரியர்

வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். அந்த அடைமொழி குறிப்பது ஆயுதத்தின் அளவை அன்று, பயன்படுத்தும் நோக்கத்தை: எதிரியின் நகரங்களையும் தொலைதூரத் தளங்களையும் குறிவைக்காமல் போர்க்களத்தில் பயன்படுத்துவதற்கு என்று ஒதுக்கப்பட்டவை. எல்லா நாடுகளும் ஏற்ற வரையறை அதற்குக் கிடையாது. ஹிரோஷிமா குண்டை ஒத்த, அதைவிடவும் பெரிய திறன் கொண்டவை இந்த வகையில் வைக்கப்பட்டதுண்டு. அந்நகரில் 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அந்த எண்ணை அறிந்த எவராலும் அத்தகைய ஆயுதத்தைச் ‘சிறியது’ என்று எழுத மனம் வராது.

மூலத்தில் அந்தச் சொல் வரும் இடங்களில் ‘போர்க்கள அணு ஆயுதம்’ என்று எழுதுங்கள். திறன் கொடுக்கப்பட்டிருந்தால் கிலோடன் கணக்கை அதே வாக்கியத்தில் வையுங்கள். அடிக்குறிப்புக்குத் தள்ளினால் பலர் பார்க்கமாட்டார்கள்.