டிஜிட்டல் உருவப்படத்தில் மென்மையும் சொரசொரப்பும் ஒருசேர வருவது எப்படி?

கேள்வி:
வணக்கம். கிரிட்டா என்னும் ஓவிய மென்பொருளில் ஒரு மூதாட்டியின் உருவப்படத்தை வரைந்து வருகிறேன். சொரசொரப்பான தாளில் பேஸ்டல் என்னும் உலர்வண்ணக் குச்சி கொண்டு தீட்டிய தோற்றம் வர வேண்டும் என்பது என் விருப்பம். ஏர்பிரஷ்ஷால் (வண்ணத்தை மென்மையாகத் தூவும் பிரஷ்) கன்னத்தை மென்மையாக்கினால் தோலில் பிளாஸ்டிக் பளபளப்பு வந்துவிடுகிறது; அதைக் குறைக்கக் கேன்வாஸ் படமொன்றை ஓவர்லே லேயராக (கீழுள்ள நிறங்களோடு கலந்து தெரியும் அடுக்காக) மேலே வைத்தால், முகத்தின் மீது சாக்குத்துணியைப் போர்த்தியது போல் ஆகிவிடுகிறது. வரைந்த முறையையும் படிப்படியாகப் பகிர எண்ணுகிறேன். வழி கூறுங்கள்.

மறுமொழி 1:
நண்பரே, மென்மை தேய்ப்பதால் வருவதன்று. அடுத்தடுத்து அமையும் நிறங்களின் வெளிச்ச அளவு ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் வருவது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, பிரெஞ்சு ஓவியர் ஷார்தேனின் 1775ஆம் ஆண்டுப் பேஸ்டல் தன்னுருவப்படத்தை அருகில் வைத்துப் பார்த்தால், முகத்தில் தனித்தனிக் கோடுகள் கலைக்கப்படாமல் அப்படியே நிற்பதும், சற்று விலகியதும் அவை தோலாகக் கூடிவிடுவதும் தெரியும். ஆகவே ஏர்பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டு, கன்னத்தின் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே மூன்று நான்கு இடைநிறங்களைச் சிறு கோடுகளாக அடுக்குங்கள். எல்லா லேயர்களுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய லேயர் ஒன்றை வைத்து, அதன் கலப்பு முறையைக் ‘கலர்’ என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இடைநிறம் எங்கே துள்ளி நிற்கிறது என்பது அப்போது புலப்படும். மாநிறத் தோலாயின் வெளிச்சத்துக்கு வெறும் வெள்ளையைக் கலக்காதீர்கள், சாம்பல் பூத்துவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சாக்குத்துணிக்குக் காரணம் வேறு. உண்மைத் தாளில் பேஸ்டல் முதலில் மேடுகளில் மட்டுமே ஒட்டும். அழுத்தித் தீட்டினால்தான் பள்ளங்களும் நிரம்பும். ஓவர்லே லேயருக்கு அந்த வேறுபாடு தெரியாது; நெற்றி, கண், பின்னணி எல்லாவற்றின் மீதும் ஒரே நெசவைப் பதித்துவிடும். எனவே சொரசொரப்பைப் பிரஷ்ஷுக்குள்ளேயே வைக்க வேண்டும். பிரஷ் எடிட்டரில் டெக்ஸ்சரை (தாளின் சொரசொரப்பைத் தரும் வடிவத்தை) சேர்த்து, பேனாவின் அழுத்தம் கூடக் கூட அதன் வலு குறையும்படி அமைத்துக்கொண்டால், லேசான கோட்டில் தாள் தெரியும். அழுத்திய கோட்டில் மறையும். டெக்ஸ்சரின் அளவைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டுக் கடைசி வரை மாற்றாதிருங்கள். ஏ4 தாளில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் 2480க்கு 3508 பிக்சல் என்பதால், திரையில் உருப்பெருக்கிப் பார்க்கும்போது கரடாகத் தெரிவது அச்சில் அடங்கிவிடும். கண்ணிமை, மூக்குத்துளை, உதடுகள் சேரும் கோடு ஆகிய சில இடங்களில் மட்டும் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும்; முடி பின்னணியில் கரையட்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டெக்ஸ்சரைப் பிரஷ்ஷில் சேர்த்ததும் நெற்றி உடனே மாறிவிட்டது. கழுத்துச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா?

மறுமொழி 3:
வேண்டாம். வெளிச்சம் திரும்பும் இடத்தில் உள்ள இரண்டு மூன்றை வரைந்தால் மற்றவற்றைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். பகிர்வதைப் பற்றி ஒரு சொல்: கிரிட்டா 5.0 முதல், வரைவதைக் காணொளியாகப் பதிவு செய்யும் ரெக்கார்டர் வசதி இருக்கிறது, ஆனால் வேகமாக ஓடும் காணொளி கண்ணுக்கு விருந்தாகுமே தவிர, கற்பவருக்கு அதிகம் உதவாது என்பது என் கருத்து. நிறத் திட்டுகள் மட்டும் உள்ள நிலை, இடைநிறங்கள் சேர்ந்த நிலை, விளிம்புகள் முடிவான நிலை என ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமித்து, கன்னத்தின் ஒரு பகுதியை 100 விழுக்காட்டு அளவில் வெட்டி உடன் இணையுங்கள். முழுப்படத்தைச் சிறிதாக்கி ஏற்றினால் நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த சொரசொரப்புதான் முதலில் மறையும். நிழற்படத்தைப் பார்த்து வரைகிறீர்கள் என்றால், எடுத்தவரிடமும் அந்த அம்மையாரிடமும் ஒப்புதல் பெற்ற பிறகு ஏற்றுங்கள்.