ஆண்கள் அக்குள் முடியை மழிக்க வேண்டுமா, கத்தரித்தால் போதுமா?

தென்றல்வாசி:
சென்னைக் கோடையில் நெரிசலான ரயிலில் மேற்கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ஆண்களில் பெரும்பாலோர் காலையில் குளித்துவிட்டுத்தான் வருகிறார்கள்; இருந்தும் வாடை வீசுகிறது. அக்குளில் உள்ள அபோகிரைன் சுரப்பிகளிலிருந்து வரும் வியர்வைக்கு மணமே கிடையாது. தோலில் வாழும் கொரினிபாக்டீரியம் போன்ற நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அந்த ஈரத்தையும் நுண்ணுயிரிகளையும் தேக்கி வைப்பது முடி. ஆகவே மழித்துவிடுவதே முறை.

கரிசல்காட்டான்:
மழித்தால் சுரப்பி நின்றுவிடுமா, நண்பரே? அக்குளில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை. எந்தப் பக்கம் கத்தியை இழுத்தாலும் ஒரு பகுதி எதிர்மயிராகவே சிரைக்கப்படும். பிறகு முடிக்கால்களில் சிவந்த கொப்புளம், தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும் முடி, சாராயம் கலந்த வாசனைத் தெளிப்பான் பட்டவுடன் எரிச்சல் என்று அவதிகள் தொடரும். அறுவை சிகிச்சைக்கு முன் முடியை நீக்க நேர்ந்தால்கூட, கத்தி உண்டாக்கும் நுண்ணிய கீறல்கள் வழியே கிருமி புகும் என்பதால், மருத்துவர்கள் இன்று கிளிப்பரையே பரிந்துரைக்கிறார்கள்.

தென்றல்வாசி:
1953-இல் ஷெல்லி, ஹர்லி, நிக்கோல்ஸ் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள், ஆண்களின் அக்குளை மழித்தபின் ஏறக்குறைய 24 மணி நேரம் வாடை குறைந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். இஸ்லாமிய மரபிலும் அக்குள் முடியை நீக்குவது தூய்மையின் ஒரு கூறு. 40 நாளுக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பது அதன் வரம்பு. எனவே இதை நேற்று முளைத்த விளம்பர மோகம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

கரிசல்காட்டான்:
விளம்பர மோகம் என்று நான் சொல்லவே இல்லையே! 24 மணி நேரம்தான் பலன் என்றால், அந்த மென்தோலில் தினமும் கத்தி வைக்கச் சொல்கிறீர்களா? முடி இழைகளில் மஞ்சள் நிறப் பிசுக்கு உருண்டைகளாக ஒட்டும் தொற்று ஒன்று உண்டு. அதற்கு மழித்தல் மருந்தே, மறுக்கவில்லை. மற்றவர்கள் சீப்பு மாட்டிய டிரிம்மரால் கால் அங்குலம் விட்டுக் கத்தரித்துக்கொண்டு, சோப்பு தோல்வரை இறங்கும்படி தேய்த்துக் குளித்தால் போதும். பாலியஸ்டர் சட்டையையும் கொஞ்சம் மோந்து பாருங்கள். பருத்தியைவிட அதில்தான் வாடை அதிகமாகத் தங்குகிறது.

சலூன்வாசல்:
இடையில் ஒரு சொல். சலூனில் அக்குள் சிரைத்துக்கொள்பவர்கள், பிளேடை நம் கண்ணெதிரே உறையிலிருந்து எடுத்துப் பாதியாக உடைத்து மாட்டச் சொல்ல வேண்டும். முகம் மழித்த அதே அரை பிளேடு கீழே இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். முடித்ததும் தேய்க்கும் படிகாரக் கட்டியும் பல பேர் தோல்பட்டதே.

தென்றல்வாசி:
சட்டை விஷயத்தை ஏற்கிறேன், கத்தி விஷயத்தை அல்ல. வெந்நீரில் குளித்து முடி மிருதுவானபின், நுரை பூசி, புதுப் பிளேடால் அழுத்தாமல் இரவில் மழித்து, தெளிப்பானைக் காலைவரை தள்ளிப்போடுகிறவர்களுக்கு நீங்கள் சொல்லும் எரிச்சல் பெரும்பாலும் வருவதில்லை.

கரிசல்காட்டான்:
இத்தனை சடங்கையும் செய்கிறவர் தாராளமாக மழிக்கட்டும். காலை ஆறரை மணி வண்டியைப் பிடிக்க ஓடுகிறவருக்கு டிரிம்மரே போதும்.