வேகம், தூரம், நேரம் கணக்கு: வீட்ல பெரியவங்க எல்லாரும் சேர்ந்து மண்டைய உடைச்சுக்கிட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க

நாமக்கல் அப்பா:

பையன் ஏழாவது படிக்கிறான். போன ஞாயித்துக்கிழமை வந்த கணக்கு இது: ஒருவர் ஓர் ஊருக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்று, அதே வழியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார் எனில் அவரது சராசரி வேகம் என்ன?

என் மச்சான் வந்திருந்தாரு, நோட்ட வாங்கி பாத்த உடனே 50-ன்னுட்டாரு, என் வீட்டுக்காரம்மாவும் 50 தான். அறுவதும் நாப்பதும் நூறு, பாதி அம்பது, இதுல யோசிக்க என்ன இருக்குன்னு. ஆனா புக்குக்கு பின்னாடி விடை 48-ன்னு போட்டிருக்கு. பிரிண்டிங் மிஸ்டேக்கா இருக்கும் மாப்ளைன்னு மச்சான் சொல்றாரு, இன்னொரு பக்கம் எங்கம்மா, தூரமே குடுக்காம இத எப்படிப்பா போடுவாங்கன்னு கேக்குறாங்க, டிவிய ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் நோட்ட சுத்தி உக்காந்தாச்சு.

அப்ப பையன் கேட்டான், "மாமா, தூரத்த நாமளே ஒண்ணு வச்சுக்கலாமா?"ன்னு. சரி வைடான்னு 120 கி.மீ. வச்சோம். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம், வகுத்தா 48. மச்சான் விடல, 120 வச்சதால தான் அப்படி வருது, 100 வச்சு பாருன்னாரு. போக 1 மணி 40 நிமிஷம், வர ரெண்டரை மணி நேரம், மொத்தம் 4 மணி 10 நிமிஷம், 200 கி.மீ.ய அந்த நேரத்தால வகுத்தா மறுபடியும் அதே 48. தூரம் என்ன வச்சாலும் அடிபட்டு போயிடுது, அதனாலதான் கணக்குலயே குடுக்கலன்னு அப்பதான் அம்மாவுக்கும் விளங்குச்சு.

சரி, ஏன் 50 வரலன்னு பையனுக்கு சொன்னது எங்கப்பா. பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு. "நீ நாப்பதுல வர்றப்ப தான்டா ரோட்டுல அதிக நேரம் கிடக்குற, அப்ப உன்னோட கணக்கு நாப்பது பக்கம் தானே சாயும்? டைம் ஆபீஸ்ல எங்கிட்ட ஸ்பீடு என்னன்னு யாரும் கேட்டதே இல்ல, எத்தன மணிக்கு எடுத்த, எத்தன மணிக்கு வந்த, அவ்வளவுதான் கேப்பாங்க"ன்னாரு. பையன் அத அப்படியே புடிச்சுக்கிட்டான்.

இதுக்கு 2xy/(x+y)-ன்னு ஒரு ஃபார்முலா இருக்குங்க (எக்ஸ், ஒய் ரெண்டும் வேகம்), நிறைய பேர் அத மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல, ஏன்னா அது தூரம் ரெண்டும் சமமா இருந்தா மட்டும் தான் சரி. 2 மணி நேரம் அறுவதுலயும் 2 மணி நேரம் நாப்பதுலயும் ஓட்டினான்னு கேட்டிருந்தா 200 கி.மீ., 4 மணி நேரம், அப்ப மச்சான் சொன்ன 50 தான் விடை! இந்த வித்தியாசம் புள்ளைக்கு தெரியணும். மொத்த தூரத்த மொத்த நேரத்தால வகுன்னு ஒண்ணு மட்டும் சொல்லிக்குடுத்தா ரெண்டு கணக்கையும் அதே போட்டுடும்.

உங்க வீட்டு கதைய சொல்லுங்க.

விழுப்புரம் அக்கா:

எங்க வீட்ல ரயில் கணக்கு. 180 மீட்டர் நீளமுள்ள ரயில், 90 கி.மீ. வேகம், 270 மீட்டர் நீளமுள்ள நடைமேடையை கடக்க எத்தனை வினாடி? எங்க கொழுந்தனார் 270-ஐ 25-ஆல வகுத்து 10.8-னு போட்டாரு, ரயிலோட நீளத்த எதுக்கு குடுத்தான், சும்மா கொழப்புறதுக்கா இருக்கும்னுட்டாரு. மாமியார் தான் பொண்ணோட ஸ்கேல நடைமேடையா வச்சு, பென்சில் பாக்ஸ மெதுவா தள்ளிக்காட்டி, இஞ்சின் வெளிய வந்தா முடிஞ்சுதா, கடைசி பொட்டி இன்னும் உள்ள தானே நிக்குதுன்னாங்க. பொண்ணு உடனே 180-ஐயும் 270-ஐயும் கூட்டி 450 மீட்டர், 25-ஆல வகுத்து 18 வினாடின்னு போட்டுடுச்சு.

நாங்க ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கோம், அதனால மறுநாள் கூட்டிட்டு போயி கடைசி பொட்டி பின்னாடி தொங்குற எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசி பொட்டி) போர்டையும் சிவப்பு லைட்டையும் காட்டினேன். அத பாத்தா தான் வண்டி முழுசா போயிடுச்சுன்னு ஸ்டேஷன் மாஸ்டருக்கு உறுதி, அது வரலன்னா பொட்டி ஏதோ பின்னாடி கழண்டு நிக்குதுன்னு அர்த்தம். கடப்பதுன்னா என்னன்னு நான் அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. இப்ப இருக்குற எல்.எச்.பி.ங்கிற புது மாடல் பொட்டி ஒண்ணே கிட்டத்தட்ட 24 மீட்டர் வரும், 20 பொட்டி வண்டின்னா அந்த 270 மீட்டர் நடைமேடைய விட ரயிலோட நீளம் தான் கணக்குல பெருசா நிக்கும்.

கோவை டியூஷன் டீச்சர்:

மேல அந்த 90 கி.மீ. எப்படி 25 ஆச்சுன்னு புள்ளைங்க கேக்கும் பாருங்க, அங்க தான் பெத்தவங்க பாதிப்பேர் திணறுறாங்க. 5/18-ஆல பெருக்கணுமா 18/5-ஆலயான்னு. ஒரு கி.மீ. 1000 மீட்டர், ஒரு மணி நேரம் 3600 வினாடி, அத சுருக்குனா தான் 5/18, இத ஒரு தடவ அவங்க கையால போட்டுடணும். அப்புறம் மணிக்கு 18 கி.மீ.ன்னா வினாடிக்கு 5 மீட்டர், 36-ன்னா 10, 72-ன்னா 20, 90-ன்னா 25-னு தானா வந்துடும். மாத்தி பெருக்கிட்டாலும் 90 கி.மீ. வேகம் வினாடிக்கு 324 மீட்டர்னு வந்து நிக்கும், ஒரே வினாடியில இத்தன தூரம் எந்த ரயிலுப்பா போகும்னு புள்ளைங்களே கேட்டுடுவாங்க. விடைய எழுதுறதுக்கு முன்னாடி இது நடக்குற காரியமான்னு பாக்கிற பழக்கத்த தயவுசெஞ்சு குடுங்க.

நாமக்கல் அப்பாவுக்கு ஒரு கணக்கு தர்றேன், மச்சானுக்கும் குடுங்க. 15 கி.மீ. மலைப்பாதை, ஏறுறப்ப 15 கி.மீ. வேகம். ஏறி இறங்குறது மொத்தத்துக்கும் சராசரி 30 வரணும்னா எவ்வளவு வேகத்துல இறங்கணும்? இது பழைய கணக்கு தான், மாக்ஸ் வெர்தைமர்னு ஒரு உளவியல் அறிஞர் 1934-ல இதே மாதிரி ஒண்ண ஐன்ஸ்டீனுக்கு கடுதாசில எழுதி அனுப்பினாரு. கணக்கு போட்டு பாக்கிற வரைக்கும் அதுல இருக்குற சங்கதி தனக்கு தெரியலன்னு ஐன்ஸ்டீனே பதில் எழுதினாரு. அதனால வீட்ல யாரும் வருத்தப்படாதீங்க.

நாமக்கல் அப்பா:

டீச்சர், குடுத்தேன். மச்சான் 45-ன்னாரு. பையன் இந்த தடவ யாரையும் கேக்கல, மொத்தம் 30 கி.மீ., சராசரி 30 வேணும்னா ஒரு மணி நேரத்துல முடியணும், ஏறவே ஒரு மணி நேரம் ஆயிடுச்சேன்னு எழுதிட்டு நிமிந்து பாத்து "இறங்க நேரமே இல்ல மாமா"ன்னான். எங்கப்பா அவன் தலைய தடவிட்டு, கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுல ஏறுன கியர்லயே தான் இறங்கணும், 45 எல்லாம் நினைச்சே பாக்க முடியாதுன்னு மச்சானுக்கு தனியா பாடம் எடுத்தாரு.

அடுத்த வாரம் படகும் நீரோட்டமும் வருதாம். அத ஆத்தங்கரைக்கு கூட்டிட்டு போகாம வீட்லயே வச்சு புரிய வச்சவங்க யாராவது இருந்தா எழுதுங்க.