சிமுலேஷன் வைத்து அலையும் ஒளியும் நடத்தியவர்களே, மறக்காத ஒரு வகுப்பைச் சொல்லுங்கள்

குவியம்:
லென்ஸ் பாடம். மூன்று கதிர் போட்டு பிம்பம் காட்டுமே, அந்த சிமுலேஷன்தான். அம்பை இழுத்தால் பிம்பம் நகரும், குவியத்துக்கு (இணைக்கதிர்கள் ஒன்றுசேரும் புள்ளி) உள்ளே வந்தால் திரையில் விழாத மாய பிம்பமாகிவிடும், வகுப்பே குஷியாகிவிட்டது. அப்புறம் கேட்டேன்: லென்ஸின் மேல்பாதியை அட்டையால் மூடினால் என்ன ஆகும்? "பாதி பிம்பம் போயிடும்!" எல்லாரும் ஒரே குரலில். சரி என்று நிஜ லென்ஸ், மெழுகுவர்த்தி, திரை வைத்து மூடிக் காட்டினேன். சுடர் முழுசாகவே தெரிந்தது, வெளிச்சம்தான் குறைந்தது.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வந்து அட்டையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தாள். "சார், இந்த லென்ஸ்ல ஏதோ கோளாறு. அதுல மேல் கதிர் அடைபட்டுப் போகுதே" என்றாள். எதிரே எரிகிற சுடரைவிட, வரைந்த கோட்டைத்தான் அவள் நம்பினாள். அது இன்னும் உறுத்துகிறது.

நெட்டலை:
அதற்கு சிமுலேஷன் என்ன செய்யும்? கரும்பலகையில் வரைந்தாலும் அதே மூன்று கோடுதானே.

எனக்கு நேர் எதிராக நடந்தது. ஒலி அலை: மேலே புள்ளி புள்ளியாகத் துகள்கள், கீழே அழுத்த வரைபடம். வரைபடத்தைப் பார்த்த ஒரு பையன், ஒலியும் மேலும் கீழும் நெளிந்துதான் போகிறது என்று ஒரே பிடிவாதம். ஒரு துகளை மட்டும் சிவப்பாக்கி, "இதன்மேல் விரலை வை, அது போகிற இடமெல்லாம் கூடவே போ" என்றேன். துகள்கள் நெருங்கி நிற்கும் நெருக்கங்கள் ஒவ்வொன்றாக இடமிருந்து வலம் ஓடிக் கடந்தன. அவன் விரல் இத்தனூண்டு முன்னும் பின்னும் ஆடியதே தவிர, இடத்தைவிட்டுப் போகவில்லை. "அப்போ காத்து வரல, தள்ளு மட்டும்தான் வருதா?" என்றான். இதை நிஜக் காற்றில் எப்படிக் காட்டுவீர்கள்?

ஏழாம்பட்டை:
நெட்டலை, காற்றில் காட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "சிமுலேஷன் என்ன செய்யும்" என்று விட்டுவிட முடியாது. அது எதை ஒளித்து வைக்கிறது என்பதும் கேள்விதான்.

இரட்டைப் பிளவு: அருகருகே இரண்டு மெல்லிய பிளவு வழியே ஒளியை விட்டால் திரையில் வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் விழும். முதலில் காட்டிய சிமுலேஷனில் பட்டைகள் எல்லாம் ஒரே பொலிவு. பிறகு நிஜ லேசர்: 650 நானோமீட்டர், பிளவு இடைவெளி 0.25 மி.மீ., திரை 2 மீட்டரில். கணக்குப்படி பட்டை அகலம், அதாவது ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு, 5.2 மி.மீ. அளந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். முதல் பட்டை, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் சரி. ஒருவன் ஸ்கேலில் நடுவிலிருந்து 20.8 மி.மீ., நான்காவது வர வேண்டிய இடத்தில் நகத்தை வைத்து, "இங்க ஒண்ணு காணோம்" என்றான். பக்கத்தில் இருந்தவன் லேசரைத் தட்டிப் பார்த்தான்!

ஒவ்வொரு பிளவின் அகலமும் இடைவெளியில் கால்பங்கு. அதனால் ஒற்றைப் பிளவின் முதல் சிறுமம் (ஒரு பிளவு மட்டும் இருந்தாலே இருளாகும் இடம்) சரியாக நான்காவது பட்டையின் மேல் விழுந்து அதை அழித்துவிடும். சிமுலேஷன் எழுதியவர் பிளவுக்கு அகலமே இல்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார், அதை எங்கேயும் சொல்லவில்லை.

வெற்றுச்சட்டம்:
என் கதை சின்னது. நிலையலைக்கு (நகராமல் நின்ற இடத்திலேயே ஆடும் அலை) வைத்திருந்த அனிமேஷன் எல்லாம் ஃப்ளாஷ், பிரவுசரில் ஓடிய பழைய மென்பொருள். 2020 கடைசியோடு ஃப்ளாஷ் முடிந்தது. ஜனவரியில் வகுப்பு நடுவே திறந்தால் சாம்பல் நிறச் சட்டம் ஒன்றுதான் வந்தது.

அதைவிட, எல்லாரும் இப்படிச் செய்து பாருங்கள். ஃபெட் சிமுலேஷன்கள் (நோபல் வாங்கிய கார்ல் வைமன் 2002இல் கொலராடோவில் தொடங்கியது) பெரும்பாலும் பிரவுசரிலேயே நேராக ஓடும் எச்டிஎம்எல்5க்கு மாறிவிட்டன, இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே வேண்டாம். ஓட்டுவதற்கு முன் என்ன நடக்கும் என்று மாணவர்களையே காகிதத்தில் வரையச் சொல்லுங்கள், வரைந்த பிறகுதான் பொத்தான். மவுஸை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். கயிற்றலையில் முதலில் ஒற்றைத் துடிப்பு: கட்டிய முனையில் தலைகீழாகத் திரும்பும், கட்டாத முனையில் அப்படியே திரும்பும். இதைப் பார்க்காமல் நிலையலைக்குப் போனால் கணு (ஆடாமல் நிற்கும் புள்ளி) ஏன் அங்கே வருகிறது என்று புரியாது. தடையுறலையும் (அதிர்வைத் தேயவைக்கும் அளவு) கவனியுங்கள். சுழியத்தில் வைத்து ஒத்ததிர்வில் (கயிற்றின் இயல்பான அதிர்வெண்ணில்) ஓட்டினால் வீச்சு ஏறிக்கொண்டே போகும், பிள்ளைகள் கணுவை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்ப்பார்கள். லென்ஸுக்கு மூன்று கதிர் வேண்டாம், பல கதிர் காட்டும் வசதி இருந்தால் அதையே போடுங்கள்.

குவியம்:
யோசனை கேட்கவில்லை, இருந்தாலும் கடைசி வரிக்கு நன்றி. பல கதிர் போட்டுக் காட்டியதும் அவள் உடனே, "அப்போ அந்த மூணு, வரையறதுக்கு வசதியான மூணு, அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள்.

ஏழாம்பட்டை:
குவியம், அட்டையை லென்ஸை ஒட்டி வைத்தீர்களா, சுடர் பக்கமா? சுடருக்குக் கிட்டே வைத்தால் பிம்பம் நிஜமாகவே வெட்டுப்படும்.

குவியம்:
ஒட்டித்தான். நகர்த்திப் பார்த்ததும் அவள்தான். சுடரை நெருங்க நெருங்க, மங்கலாக இருந்த நிழலின் ஓரம் கூர்மையாகி, திரையில் சுடரின் கீழ்ப்பாதியைத் தின்றது. மேலே மூடினால் கீழே ஏன் போகிறது என்று அடுத்த சண்டை ஆரம்பித்தது.