கொமன் றெயிலுக்குத் தமிழ்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

கிளிநொச்சி ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சிப் பிள்ளைகளுக்கு மோட்டார் பொறிமுறை படிப்பிக்கிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். புதிய டீசல் எஞ்சின் பற்றி எட்டுப் பக்கக் கைந்நூல் ஒன்று திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஏழரைப் பக்கம் முடிந்துவிட்டது. மிச்ச அரைப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் வழி மறித்து நிற்கிறது: கொமன் றெயில் (common rail).

விடயம் இதுதான். பழைய டீசலில் பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதனதன் முறை வரும்போது தனித்தனிக் குழாயில் அமுக்கித் தள்ளும். புதியதில் பம்ப்புக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஒரு தடித்த உருக்குக் குழாயை நிரப்பி வைப்பதோடு அதன் வேலை சரி. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் டீசல் அந்தக் குழாயில் பெரும் அமுக்கத்தோடு காத்திருக்கும், சிலிண்டருக்குள் டீசலை விசிறும் நாலு இன்ஜெக்டரும் அதிலிருந்தே எடுக்கும். எது எப்போது எவ்வளவு நேரம் திறப்பது என்று கணினி சொல்லும். அந்தத் தடித்த குழாய்தான் றெயில்.

கைக்கு வந்த ஒரு பழைய தாளில் 'பொதுத் தண்டவாளம்' என்று போட்டிருக்கிறது. போன வருடம் அதைப் படித்த பிள்ளை ஒன்று 'எஞ்சின் தண்டவாளத்தின் மேல் ஓடும்' என்று பரீட்சையில் எழுதியது. குறை சொல்ல மனம் வரவில்லை.

வவுனியா ஐயா எழுதியது:

பிள்ளை, பொதுத் தண்டவாளம் என்று அச்சிட்டால் எங்கள் வண்டவாளம்தான் தண்டவாளம் ஏறும். மூலத்துக்குப் போவோம். றெயில் என்பது இலத்தீன் ரெகுலாவிலிருந்து வந்தது, நேரான கோல் என்று பொருள். கோலுக்கு எங்களிடம் பஞ்சமா? செங்கோல், துலாக்கோல், எழுதுகோல். தண்டவாளத்தில் இருக்கும் தண்டும் கோல்தான், வாளம் என்பது பாளத்தின் திரிபு என்பது என் துணிபு. இதைப் பதினாறு பக்கத்தில் எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன், இன்றுவரை பதில் இல்லை. அது கிடக்கட்டும்.

'கொமன்' என்பதுதான் சுவையான பகுதி. குறுந்தொகை 172ஐ எடுத்துப் பாருங்கள். 'ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல்' என்கிறார் கச்சிப்பேட்டு நன்னாகையார். ஏழு ஊர்களின் வேலைக்கு ஓர் ஊரில் கட்டி வைத்த ஒரே துருத்தி! நாலு சிலிண்டருக்கு ஒரே றெயில்! இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியே உவமை தயாராக இருக்கும்போது நாங்கள் ஏன் பிச்சை எடுக்க வேண்டும்? என் பரிந்துரை: பொதுமிதி.

புதுக்குடியிருப்பு கராச் எழுதியது:

ஐயா கோபிக்கக்கூடாது. மிதி என்றால் என் பெடியன்கள் பிரேக் பெடலில் காலை வைப்பார்கள். அந்தப் பாட்டில் அடுத்த வரி 'தலைவரம்பு அறியாது' என்று வரும் அல்லவா? எல்லை தெரியாமல் வருந்துகிற நெஞ்சு. றெயிலில் அமுக்கம் அளக்கிற சென்சர் ஒரு நுனியில் இருக்கிறது, கூடினால் திறந்துவிடுகிற வால்வும் இருக்கிறது. தலைவரம்பு அறிந்த துருத்தி இது.

தண்டவாளம் வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கட தலைமுறைக்கு ரயில் ஞாபகம் வராது, பங்கர் கூரைதான் வரும். 1990இல் போரால் ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எங்கே போயின என்று வன்னியில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தபோது என் மகள் முதலில் கேட்ட கேள்வி, 'அப்பா, இந்த இரும்பை ஏன் வெளியில் போட்டிருக்கிறார்கள்?'

கோவை அன்பர் எழுதியது:

'பொது உயரழுத்தக் குழல்' என்று சொன்னால் குழப்பமே இல்லையே? பொறியியல் மாணவனுக்குப் பார்த்தவுடன் புரியும். ரீச்சர் 'அமுக்கம்' என்று எழுதியிருப்பதை நான் முதலில் கம்ப்ரெஷன் என்றே வாசித்துவிட்டேன். எங்கள் பக்கம் பிரஷர் என்றால் அழுத்தம். அப்புறம் ரயில், இஞ்சின் என்றே எழுதலாமே, இந்த றெ எங்கள் வாயில் உருள மாட்டேன் என்கிறது.

கிளிநொச்சி ரீச்சர் எழுதியது:

இங்கே ஆறாம் வகுப்பிலிருந்து பிரஷர் அமுக்கம்தான், கம்ப்ரெஷன் நெருக்கல். அதை நான் இரண்டு நாளில் மாற்ற முடியாது அண்ணா. இந்தக் கைந்நூலின் முதல் பக்கமே நெருக்கல் விகிதம்தான். பெட்ரோல் காரில் காற்றை ஏறக்குறைய பத்தில் ஒன்றாக நெருக்குகிறார்கள், டீசலில் பதினாறில் ஒன்றாக. அந்த நெருக்கலிலேயே காற்று ஐந்நூறு பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறி, விசிறிய டீசல் தானே பற்றிக்கொள்கிறது, பிளக் தேவையில்லை. இதை 'அமுக்க விகிதம்' என்று நீங்கள் எழுதினால் எங்கள் பிள்ளை றெயில் அமுக்கத்தையும் இதையும் ஒன்றென்று நினைக்கும். பார் என்ற அமுக்க அலகில் சொன்னால், நெருக்கலில் வருவது சில பத்துப் பார், றெயிலில் இருப்பது இரண்டாயிரம் பார்.

ஸ்ருட்காட் வாசி எழுதியது:

நான் மல்லாவி, இப்போது இருப்பது ஜேர்மனி, வேலையும் இந்த வகை உதிரிப்பாகங்களோடுதான். ஒரு விடயம் சொல்ல வேண்டும். இங்கே இன்று எல்லோரும் கொமன் றெயில் என்றே சொன்னாலும் ஜேர்மன்காரருக்கு இதற்குச் சொந்தச் சொல் இருக்கிறது: ஸ்பைஷர் ஐன்ஸ்பிரிட்சுங். ஸ்பைஷர் என்றால் சேர்த்து வைக்கிற இடம், தானியக் களஞ்சியத்துக்கும் அதே சொல், கணினி நினைவகத்துக்கும் அதே சொல். ஆக அவர்கள் 'பொது'வையும் பார்க்கவில்லை, 'கோலை'யும் பார்க்கவில்லை. சேர்த்து வைத்துப் பிறகு விசிறுவது, அதுதான் பெயர்.

வரலாறும் கைந்நூலில் போடுங்கள். ருடோல்ப் டீசலின் எஞ்சின் 1897இல் ஒக்ஸ்பேர்க்கில் ஓடிக் காட்டியபோது எரிபொருளின் சக்தியில் 26 வீதத்தை வேலையாக மாற்றியது, அப்போதைய நீராவி எஞ்சின்கள் பத்து வீதத்தைச் சுற்றித்தான். கொமன் றெயில் 1995இல் ஜப்பானில் லொறிக்கு வந்தது, 1997இல் அல்ஃபா ரோமியோ 156 வழியாகக் காருக்கு. சரியாக நூறு வருடம். இன்றைய நல்ல டீசல் கார் 40 வீதத்தைத் தொடும். நெருக்கல் அதிகம், பெட்ரோல் எஞ்சின் போலக் காற்று வழியை மூடி மூடித் திறந்து மூச்சு முட்ட வைப்பதில்லை, ஒரு லீற்றர் டீசலில் சக்தியும் பெட்ரோலைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூட. குறையையும் எழுதுங்கள். நைதரசன் ஒட்சைட்டுகள், புகைக்கரி. 2015இல் வோக்ஸ்வாகனின் மென்பொருள் கள்ளம் வெளிவந்த பிறகு இங்கே டீசல் கார் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

வவுனியா ஐயா எழுதியது:

களஞ்சியம்! குதிர் என்று ஒரு அருமையான சொல் இருக்கிறதே. கூடு, பட்டடை, சேர்... எரிகுதிர் என்றால் என்ன?

புதுக்குடியிருப்பு கராச் எழுதியது:

எரிகுதிர் என்றால் நெல் எரியுது என்று ஆட்கள் ஓடி வருவார்கள் ஐயா.

நான் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். கொமன் றெயில் என்றே விட்டால் என்ன? பேக்கரிக்கு வெதுப்பகம், மோட்டார் சைக்கிளுக்கு உந்துருளி, ஐஸ்கிரீமுக்குக் குளிர்களி என்றெல்லாம் பலகையில் எழுதியிருந்த காலத்தில்தான் நான் வேலை பழகினேன். 'உந்துருளி திருத்தகம்' என்ற பலகைக்குக் கீழே இருந்துகொண்டு 'டேய், பன்னிரண்டு ஸ்பனரை எடு' என்றுதான் கத்தினோம். குளிர்களி இன்னும் சிலர் வாயில் இருக்கிறது, அது நாவுக்கு இனித்த சொல். மற்றதுகள் பலகையோடு போய்விட்டன.

வவுனியா ஐயா எழுதியது:

தம்பி, பலகை ஏன் போனது என்பது வேறு கதை, அதைச் சொல்லின் தலையில் கட்டாதீர்கள். பேருந்து நிற்கிறதா இல்லையா? மின்பிறப்பாக்கி நிற்கிறதா இல்லையா? வாயில் வராது என்று சொல்பவர்கள்தான் டிபரன்சியல் என்று மூச்சு விடாமல் சொல்கிறார்கள்.

புதுக்குடியிருப்பு கராச் எழுதியது:

சரி, அது நியாயம்.

இரவெல்லாம் யோசித்துவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். பழைய டீசலில் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் என்ன செய்வோம்? எஞ்சின் ஓட ஓட ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் கால் திருப்புத் தளர்த்துவோம். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் பழுது. டீசல் துடித்துத் துடித்து ஒழுகும், துணியால் துடைப்போம். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலிருந்து டொல்பின் வான் வரை எல்லாம் அப்படித்தான் பார்த்தோம், எங்கட குருமாரும் அப்படித்தான் காட்டித் தந்தார்கள்.

நான் முன்பு வேலை செய்த ஒரு கராச்சில் கொமன் றெயில் போட்ட டபுள் கப் பிக்கப் ஒன்று வந்தது. பதினெட்டு வயதுப் பெடியன், கெட்டிக்காரன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அதே பழக்கத்தில் நட்டில் ஸ்பனரைப் போட்டான். கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி டீசல் உள்ளங்கையில் பாய்ந்தது. ஒரு சின்னப் புள்ளி, இரத்தம்கூட இல்லை. 'நோகவில்லை அண்ணை' என்றுவிட்டுத் தேத்தண்ணி குடித்தான். இரவில் கை பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரியில் உள்ளங்கையைக் கீறித் திறந்து கழுவினார்கள். இன்றைக்கும் அவனுக்கு இரண்டு விரல் முழுதாக மடியாது. இரண்டாயிரம் பார் என்றால் ஒரு நகத்தளவு இடத்தில் இரண்டு தொன் பாரம் என்று எங்களுக்கு அப்போது யார் சொன்னது? கொமன் றெயில் என்ற பெயரில் அது இருக்கிறதா? பொதுமிதியில் இருக்கிறதா?

அதனால் ஸ்ருட்காட் தம்பி சொன்ன சேர்த்து வைக்கிற சொல்லுக்கே நான் வருகிறேன். 'இதுக்குள்ள நிறைஞ்சு நிக்குது, எஞ்சினை நிப்பாட்டிப் பொறுத்துத்தான் கை வைக்கணும்' என்று பெயரைக் கேட்டதும் பெடியனுக்குத் தெரிய வேண்டும். இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் தெரியும் அல்லவா, அந்த மாதிரி.

கிளிநொச்சி ரீச்சர் எழுதியது:

அண்ணை, கை நடுங்க வாசித்தேன். இதை எச்சரிக்கைப் பெட்டியாகக் கைந்நூலில் போடுகிறேன், பெயர் இல்லாமல்.

இரணைமடு என்றதும் சொல் வந்துவிட்டது: தேக்கக்குழல். நீர்த்தேக்கம் போல. பம்ப் என்பது ஆறு, றெயில் என்பது குளம், இன்ஜெக்டர் என்பது துருசு. கணினிதான் வட்டவிதானை, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று அவர்தான் திறப்பார். என் பிள்ளைகளில் பாதிப்பேர் வயல் வீட்டுப் பிள்ளைகள். முதலில் துருசைக் கொஞ்சம் திறந்து பிறகு முழுதாக விடுவதைக் கண்டவர்கள். சிறு விசிறலை முன்னால் விட்டுப் பிறகு பெரியதை விடுவதால்தான் புதிய டீசலில் அந்தக் கடகடச் சத்தம் குறைந்தது என்று சொல்லிக் கொடுக்க இதைவிட வேறு என்ன வேண்டும்?

கோவை அன்பர் எழுதியது:

துருசு எங்கள் ஊரில் மயில்துத்தம். வயலுக்கு மருந்தடிக்க வாங்குவோம். மதகு என்று போடுங்கள்.

புதுக்குடியிருப்பு கராச் எழுதியது:

மதகு இங்கே றோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் போகிற போக்கு. போன மாரியில் ஒன்று உடைந்து கிடக்கிறது, அதில் விழுந்த வான்தான் இப்போது என் வாசலில் நிற்கிறது.

வவுனியா ஐயா எழுதியது:

தேக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பொருளாதாரத் தேக்கம், தேங்கிய நீரில் நுளம்பு, எல்லாம் அசைவற்றதன் அடையாளம். வினைத்தொகையாகத் தேக்குகுழல் என்றாவது வையுங்கள். தேக்கிய, தேக்குகின்ற, தேக்கும் குழல், முக்காலமும் அடங்கும். ஆனால் கவனம், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தேக்குக்குழல் என்று ஒற்றுப் போட்டால் தேக்கு மரத்தால் செய்த குழல் ஆகிவிடும்.

புதுக்குடியிருப்பு கராச் எழுதியது:

அந்த ஒரு எழுத்துக்காக வன இலாகாவில் பேர்மிற் எடுக்க வேண்டி வரும். ரீச்சரின் சொல்லுக்கே என் கை.

ஸ்ருட்காட் வாசி எழுதியது:

என் கையும். இங்கே இரவு பன்னிரண்டு மணி.

கோவை அன்பர் எழுதியது:

உயரழுத்தத் தேக்கக்குழல் என்று நீட்டினால் ஒப்புக்கொள்வேன். முடியாது என்றால் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு ஒதுங்குகிறேன்.

கிளிநொச்சி ரீச்சர் எழுதியது:

திங்கட்கிழமை மாலை. தேக்கக்குழல் என்று தலைப்பிட்டு, 'கராச்சில் கொமன் றெயில் என்பார்கள்' என்று கீழே ஒரு வரியும் போட்டுக் கொடுத்தேன். சற்றுமுன் பிரதிகள் வந்தன. அட்டையில் 'தேக்ககுழல்' என்று இருக்கிறது. அச்சகத்தில் ஒரு க் விழுந்துவிட்டது. நூற்றைம்பது பிரதியிலும்.

வவுனியா ஐயா எழுதியது:

இதனால்தான் பொதுமிதி என்றேன். அதில் விழுவதற்கு ஒற்றே இல்லை. இன்ஜெக்டருக்கு எப்போது தொடங்குகிறோம்?

புதுக்குடியிருப்பு கராச் எழுதியது:

ரீச்சர், பத்துப் பிரதி எனக்கு எடுத்து வையுங்கள், புதன்கிழமை பரந்தனுக்கு வருகிறேன். க் நான் பேனையால் போட்டுக்கொள்கிறேன்.