80டி க்ராப் பாடிக்கு 85 எஃப் 1.8-ஆ, 135 எஃப் 2-ஆ?

கேள்வி: என்னிடம் இருப்பது கேனன் 80டி கேமரா, கூடவே வரும் கிட் லென்ஸ் 18-135 மி.மீ. போர்ட்ரெய்ட்டுக்கு இஎஃப் 85 எஃப் 1.8 வாங்கலாமா, இஎஃப் 135 எஃப் 2 எல் (கேனனின் உயர்தர வரிசை) வாங்கலாமா? பாதிப் படங்கள் வீட்டு ஹாலில், நீளம் 18 அடி. இன்னொன்று, இரவல் வாங்கிய 85-இல் எஃப் 1.8 வைத்தால் (லென்ஸ் துளை முழுசாத் திறந்த நிலை) கண்ணுக்குப் பதிலா காது ஷார்ப்பா வருது. லென்ஸ் கோளாறா?

பதில் 1: ஹால் என்றால் 85தான். 80டி-யின் சென்சார் ஃபுல் ஃப்ரேமை விடச் சின்னது (க்ராப் பாடி), காட்சி 1.6 மடங்கு குறுகும்; அதனால் 85 இதில் 136 மாதிரி, 135 போட்டால் 216 ஆகிவிடும். மார்பளவு படத்துக்கு 85-இல் சுமார் 8 அடி தள்ளி நிற்கணும், 135-இல் 12 அடிக்கு மேல். ஆளைச் சுவரிலிருந்து 5 அடி முன்னால் நிறுத்தினால் (இல்லாட்டி நிழல் சுவரில் விழும்) உங்களுக்கு மிச்சம் 13 அடிதான். முழு உருவம் 85-இலேயே 25 அடி கேட்கும், ஹாலில் மறந்துடுங்க. நம்பிக்கை இல்லையா, கிட் லென்ஸை 85-இலும் 135-இலும் வைத்து அதே ஹாலில் நின்று பாருங்க, காசு செலவில்லை.

வெளியில் மட்டும் எடுப்பவருக்கு 135 எல் அருமை. ஆனா 750 கிராம்; 85 வெறும் 425. இரண்டிலும் ஐஎஸ் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) கிடையாது, ஷட்டர் வேகம் 85-க்கு 1/200 நொடி, 135-க்கு 1/320 நொடிக்குக் கீழே போகாதீங்க.

பதில் 2: காது விஷயம்: 8 அடியில் எஃப் 1.8-இன் ஃபோகஸ் ஆழம் (ஷார்ப்பா வரும் பகுதியின் தடிமன்) 5 செ.மீ. சுமார்தான். நடுப் புள்ளியில் ஃபோகஸ் பூட்டி ஃப்ரேமை நகர்த்தினீங்கன்னா, லேசா அசைந்தாலே தவறும். பக்கத்துக் கண் மேலேயே ஒற்றைப் புள்ளியை வைங்க. அப்புறமும் காதுதான் என்றால், டிரைபாடில் வைத்து அசையாத பொருள் ஒன்றை வ்யூஃபைண்டரில் ஒருதடவை, லைவ் வ்யூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து) ஒருதடவை எடுங்க. லைவ் வ்யூ படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸ் செய்யும், வ்யூஃபைண்டர் தனி ஃபோகஸ் சென்சாரில்.

கேட்டவர்: பார்த்துட்டேன் சார். லைவ் வ்யூவில் பளிச், வ்யூஃபைண்டரில் ஃபோகஸ் பின்னால் போகுது.

பதில் 2: அப்போ லென்ஸின் கண்ணாடியில் கோளாறு இல்லை. கேமரா மெனுவில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் (ஆட்டோஃபோகஸை முன்னே பின்னே திருத்தும் அமைப்பு) லென்ஸ் வாரியாக என்பதைத் தேர்ந்தெடுத்து மைனஸ் பக்கம் 3, 3 ஆக நகர்த்துங்க, எல்லை 20. நீங்க வழக்கமா எடுக்கும் 8 அடி தூரத்திலேயே சோதிக்கணும். ஒவ்வொரு அளவிலும் நாலைந்து ஷாட், ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு.

பதில் 1: 85-இல் எஃப் 1.8 வைத்தால் வெள்ளைச் சட்டை ஓரத்தில் ஊதா நிறம் வரும், அதுக்கு அட்ஜஸ்ட்மென்ட் உதவாது. எஃப் 2.8-க்குத் துளையைச் சுருக்கினால் பெரும்பாலும் அடங்கும்.