பாலங்களின் ‘களைப்பு’: ‘நைவு’ என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகத்தில் விரிசல் விழுந்து வளர்வதை ஆங்கிலத்தில் metal fatigue என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘உலோகக் களைப்பு’ புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, பழகிய சொல்தான். ஆனால் பாலத்தைப் பற்றி எழுதும்போது அது பொருளைக் கெடுத்துவிடுகிறது. களைத்தவர் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுவார். எஃகு உத்தரம் தெளியாது. ஊரடங்கில் வண்டியே ஓடாமல் கிடந்தாலும் விழுந்த விரிசல் மயிரிழைகூடச் சுருங்காது. ஓட்டம் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து வளரும்.

அதனால் ‘நைவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். துவைத்துத் துவைத்து வேட்டி மடிப்பில் நைந்துபோச்சு என்கிறோம். ஒரே இழுப்பில் கிழிந்ததை யாரும் நைந்தது என்பதில்லை. தாங்கக்கூடிய சுமையே லட்சக்கணக்கான தடவை வந்துபோய் விளைவிக்கும் சேதம் என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. நைவு விரிசல், நைவு ஆயுள், உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும் பாம்பன் போன்ற இடங்களுக்கு அரிப்புநைவு என்று கூட்டுச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன.

> நைதல் துணிக்குத்தானே அண்ணா? எஃகு வெடுக்கென்று அல்லவா முறிகிறது?

முறிவது வெடுக்கென்றுதான் தங்கச்சி. அதற்கு முந்தைய கதை நீளமானது. மதுரையில் ஏதாவது ஒரு லாரிப் பட்டறையில் முறிந்த வில்பட்டா ஒன்றை வாங்கி, முறிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள் பரவிய வழவழப்பான பகுதி தெரியும். மிச்சமெல்லாம் மணல்மணலாகக் கரடாக இருக்கும். வழவழப்பு, விரிசல் மெல்ல ஊர்ந்த இடம். கரடு, கடைசிக் குலுக்கலில் விட்டுப்போன இடம். பாலத்தில் இது பெரும்பாலும் பற்றவைப்பு முடியும் இடத்திலோ தறையாணி (ரிவெட்) துளையோரத்திலோ தொடங்கும். அங்கே பெயிண்ட் மெலிதாகப் பிளந்து செம்பழுப்புத் துரு கசிந்தால், ஆய்வாளர் முதலில் அங்கேதான் விளக்கைப் பிடிப்பார்.

சுமைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பற்றவைத்த எஃகு இணைப்பில் நைவு, தகைவு வீச்சின் (சுமை வந்துபோகும்போது எஃகின் உள்ளே அழுத்தம் ஏறி இறங்கும் அளவின்) மும்மடியில் ஏறும் என்பது வடிவமைப்பில் வழக்கமான கணக்கு. வீச்சு இரண்டு மடங்கானால் சேதம் எட்டு மடங்கு. மேலூர்ப் பக்கமிருந்து கிரானைட் கல்லை அளவுக்கு மீறி ஏற்றிவரும் டிரெய்லரும் நமது கார்களும் ஒரே பாலத்தில்தான் போகின்றன. ஆனால் நைவுக் கணக்கில் கார்கள் இருக்கிற இடமே தெரியாது.

ரயிலில் நிலைமை இன்னும் கடுமை. நிறைந்த சரக்கு ரயில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முழு அச்சுச் சுமையோடுதான் வருகிறது. நீண்ட உத்தரத்துக்கு முழு ரயிலும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு சுற்று, அதாவது ஒரு முறை சுமை ஏறி இறங்குவது. குட்டை உத்தரத்துக்கோ பெட்டிக்கு அடியிலுள்ள ஒவ்வொரு போகியும் (சக்கரத் தொகுதியும்) ஒரு சுற்று. ஆகவே வைகையின் பெரிய பாலத்தைவிட, கண்மாய் வரத்துக்கால் மேல் கிடக்கும் சின்ன உத்தரம் சீக்கிரம் நைய இடமுண்டு. இந்த ஆய்வே 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று தேடியதில் வளர்ந்ததுதான்.

1889இல் திறந்த நம் மதுரை ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் போன்ற வளைவுப் பாலங்களில் எஃகு உத்தரம் கிடையாது. அங்கே நைவது சாந்து இணைப்பு. சொல் அதற்கும் பொருந்துகிறது.

ஒன்று பாக்கி. எந்தத் தகைவுக்குக் கீழே எத்தனை சுற்று வந்தாலும் விரிசல் வளராதோ, அதை ‘நைவெல்லை’ என்பதா, ‘நைவு வரம்பு’ என்பதா? ‘எல்லை நிபந்தனை’ (boundary condition) ஏற்கெனவே வேறு பொருளில் இருப்பதால் ‘வரம்பு’ பக்கம்தான் நான். உங்கள் கருத்தை எழுதுங்கள்.